வெள்ளிக்கிழமை ஊசி, ஞாயிற்றுக்கிழமை சாட்சி

அசையக் கூடாது. கையிலும் காலிலும் நெற்றியிலும் அக்குபஞ்சர் ஊசி நிற்கிறது. அண்ணிக்கு அது தெரியும். தெரிந்துதான் இந்த நேரத்தைப் பிடித்திருக்கிறார். மாலதி டாக்டர் ஊசிகளைக் குத்திவிட்டு அடுத்த அறைக்குப் போனதும், ஸ்டூலைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். முடியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் லோயிஸ் அண்ணியிடம் முடியாது என்று சொன்னவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை, அவருடைய தம்பியான என் கணவர் உட்பட. அதை எந்தக் குரலில் சொல்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உரக்கவா? சிரித்துக்கொண்டா?

— என்ன கண்ணு, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கறேன், நீ கூரையப் பாத்துட்டுக் கெடக்கற. காதுல உழுகுதா இல்லியா?

— உழுகுதுங்க அண்ணி. தலைய ஆட்ட முடியாது, அதான்.

— தலைய எதுக்கு ஆட்டற? வாயால சரின்னு சொல்லு, போதும். நாளான்னிக்கு ஸ்தோத்திர ஆராதனை. பிரசங்கத்துக்கு முந்தி ஆயரையா உன்னக் கூப்புடுவாரு. மைக்கப் புடிச்சு அஞ்சு நிமிஷம் சாட்சி சொல்லீட்டு எறங்கீரு.

— என்னன்னு சொல்லோணும்?

— இத்தன நேரம் அதத்தான சொன்னேன்! "கெஸியா சில்வஸ்டராகிய நான், தீராத வலியில் இருந்து பூரண சுகம் பெற்றேன்." இப்படி ஆரம்பி. கோயமுத்தூர் டாக்டருங்க கைவிட்டது, நீ தூங்காம அழுதது, நாங்க சர்ச்சு மாதர் சங்கத்துல உபவாச ஜெபம் பண்ணுனது, எல்லாத்தயும் வரிசையாச் சொல்லு. கடைசில, "இன்னிக்கு என் ஒடம்புல ஒரு பொட்டு வலி இல்ல"ன்னு முடிச்சிரு.

— கோயமுத்தூர் டாக்டருங்க கைவிடலீங்களே. அவிங்கதான இங்க அனுப்புனாங்க.

— அதெல்லாம் சாட்சில எதுக்கு கண்ணு? கேக்கறவங்களுக்குக் கொழப்பமாயிரும்.

— ஒரு பொட்டு வலி இல்லன்னா இப்ப நான் என்னத்துக்கு இங்க படுத்திருக்கறேன்?

— மிச்சம் மீதி ஒட்டியிருக்கறதத் தொடச்சு எடுக்கறதுக்கு. போன ஞாயித்துக்கெழம என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். சர்ச்சுப் படியில கம்பியப் புடிக்கல. குடையும் பைபிளும் ஒரே கையில. மகாராணியாட்ட ஏறி வந்த. வந்தயா இல்லியா?

— வந்தேனுங்க.

— அப்புறம் என்ன? அன்னிக்கே சங்கத்துல சொல்லிட்டேன், நம்ம கெஸியாளுக்குச் சுகமாயிருச்சுன்னு. அத்தன பொம்பளைங்களும் கை தட்டுனாங்க. லில்லி டீச்சர் அழுதே போட்டாங்க.

— என்னயக் கேக்காமயேவா?

— கண்ணால பாத்தத சொல்றதுக்கு யாரக் கேக்கோணும்?

— நீங்க பாத்தது நான் படி ஏறுனத. கீழ தண்ணித் தொட்டித் திண்டுல உக்காந்திருந்ததப் பாக்கலீங்களே. பஸ்ஸ உட்டு எறங்குனதும் அங்க உக்காந்தேன். வலிச்சதுன்னு உக்காரல, வலிக்கறதுக்கு முந்தியே உக்காந்தேன். அதுதான் இங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. வலி வந்தப்புறம் உக்காந்தா, அடுத்த நாளும் சேத்து உக்கார வேண்டி வரும்.

— நல்லாருக்குது போ. வலிக்கறதுக்கு முந்தியே உக்கார்றதுன்னா நானெல்லாம் நாள் முச்சூடும் உக்காந்திருக்கோணும்.

— உங்களுக்கு எதுக்குங்க?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இந்தக் குன்னூர் மேட்டுல யாருக்குத்தான் வலி இல்ல? நீ பேச்ச மாத்தாத.

— மாத்தலீங்க. நல்ல சேதி ஒண்ணு சொல்லட்டுங்களா? இன்னிக்குக் காலைல ஜீவிதாளுக்கு நான் ஜடை பின்னி உட்டேன். ரெட்டை ஜடை, ரிப்பன மடிச்சுக் கட்டி.

— நெசமாவா சொல்ற? கையத் தூக்க முடிஞ்சுதா?

— முடிஞ்சுதுங்க அண்ணி! ரெண்டு வருசமா உங்க தம்பி பின்னி உட்டுட்டிருந்தாரே, ஒண்ணு ஊட்டியப் பாத்து நிக்கும், ஒண்ணு மேட்டுப்பாளையத்தப் பாத்து நிக்கும். புள்ளைக்கு ஸ்கூல்ல பேரே ஆன்டெனா.

— சில்வஸ்டருக்குச் சின்ன வயசுல ஷூ லேஸ் கட்டி உட்டதே நான்தான். அவன் ஜடை பின்னுனா அப்படித்தான் இருக்கும்.

— நடு வகிடு எடுத்து, மூணு காலாப் பிரிச்சு, மேல இருந்து கீழ வரைக்கும். ஒரு ஜடை முடிச்சிட்டுக் கைய எறக்கிட்டேன். காப்பி குடிச்சேன். அப்புறம் அடுத்தது. அவ கண்ணாடியில என்னயவே பாத்துட்டிருந்தா. பஸ்ஸு வந்து ஆரன் அடிச்சு, ஓடிப் போனவ திரும்பி ஓடி வந்து, "நாளைக்கும் நீதானம்மா"ன்னு கேட்டா.

— நீ என்ன சொன்ன?

— நாளைக்குச் சனிக்கெழம, லீவுன்னு சொன்னேன்.

— கிறுக்குப் புள்ள! அந்த எடத்துல போயி அப்படியா சொல்லுவாங்க? கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கண்ணு, இதையும் சாட்சில சேத்துக்க. இதக் கேட்டா பெஞ்சு பெஞ்சா அழுவாங்க.

— சேத்துக்கறேனுங்க. ஜடையச் சொல்றேன், ஊசியச் சொல்றேன், நீங்க எல்லாரும் ஜெபம் பண்ணுனதயும் சொல்றேன். என்னயத் தூக்கி நிறுத்துனதுக்கு நன்றி சொல்றேன். அதெல்லாம் எனக்கு மனசார இருக்குது. "பூரண சுகம்", "ஒரு பொட்டு வலி இல்ல", இந்த ரெண்ட மட்டும் எடுத்துருங்க.

— பாயசத்துல சக்கரைய எடுத்துருங்கற மாதிரி சொல்ற.

— திங்கக்கெழம நான் ஸ்கூலுக்குத் திரும்பிப் போறேன்ல. எனக்கு ஒரு நாற்காலி குடுத்திருக்காங்க, அண்ணி.

— டீச்சருக்கு நாற்காலி குடுக்கறது ஒரு அதிசயமா?

— எங்க எஸ்டேட் ஸ்கூல்ல அதிசயந்தானுங்க. உக்காந்தா டீச்சர் தூங்கீருவாங்கன்னு கிளாஸ்ல நாற்காலியே போட மாட்டாங்க. அசெம்பிளில நிக்க ஆரம்பிச்சா கடைசி பெல்லு வரைக்கும் நின்னுட்டேதான். நானும் நல்லா இருந்த காலத்துல நாள் பூரா நிக்கறதப் பெருமையாச் சொல்லீட்டுத் திரிஞ்சவதான். போன வாரம் ஹெச்.எம். தனசிங் சாரப் போயிப் பாத்தேன். ஃபைப்ரோமயால்ஜியான்னு சொன்னேன்.

— அந்தப் பேர எனக்கு இன்னும் சொல்ல வரல. மலேரியாளுக்குத் தங்கச்சியாட்ட இருக்குது.

— அவருக்கும் வரல. "டெஸ்ட் எல்லாம் நார்மல்னுதானம்மா சொன்னாங்க, அப்புறம் எங்கிருந்து வலி?"ன்னு கேட்டாரு.

— அது நாயமான கேள்விதான. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, ரத்தத்துல ஒண்ணும் இல்ல.

— நான் சொன்னேன்: "சார், டீ ஃபேக்டரில தீப்புடிச்சா சங்கு ஊதும். ஒரு நாளைக்குத் தீயே இல்லாம வயர் கோளாறுல சங்கு ஊதுதுன்னு வைங்க. நிறுத்தவே முடியல. எஸ்டேட் லைன் வீட்டுச் சனமெல்லாம் காதப் பொத்தீட்டு நிக்குது. எங்கியும் தீ இல்லன்னு நீங்க பாத்துச் சொன்னா, சத்தம் நின்னுருமா? என் ஒடம்புல தீ இல்லீங்க சார். சங்கு மட்டும் ஊதுது. ஊசியும் எக்சசைசும் அந்தச் சத்தத்தக் கொறைச்சிருக்குது. இப்ப அந்தச் சத்தத்துக்கு மேல என்னால பாடம் நடத்த முடியும். அப்பப்ப உக்கார உட்டீங்கன்னா."

— நீயா இப்படிப் பேசுன? தனசிங் சார்கிட்ட?

— எனக்கே ஆச்சரியமா இருந்துச்சுங்க. அவரு பேனாவ மூடி வெச்சாரு. அப்புறம் எந்திரிச்சு, ஆபீஸ் ரூம்ல இருந்து ஒரு நாற்காலியத் தானே தூக்கிட்டு வந்து அஞ்சாம் வகுப்புல போட்டாரு. கை வெச்ச நாற்காலி. நான் அங்கியே உக்காந்து பாத்தேன். கிளாஸ்ல ஒரு ஆளும் இல்ல. காலி பெஞ்சுகளப் பாத்து, "எல்லாரும் உக்காருங்க"ன்னு சொல்லிப் பாத்தேன்.

— பைத்தியக்காரி.

— அந்தத் தனசிங் சார் நம்ம சர்ச்சுதானுங்களே. ஞாயித்துக்கெழம முன்னால உக்காந்து கேப்பாரு. ஒரு பொட்டு வலி இல்லன்னு நானே மைக்குல சொன்னா, திங்கக்கெழம அந்த நாற்காலி எங்க இருக்கும்?

— ஓஹோ. ஒரு நாற்காலிக்காக ஆண்டவருக்குச் சேர வேண்டிய மகிமையக் கொறைக்கற.

— நடந்தத நடந்த மாதிரி சொன்னா ஆண்டவருக்குக் கொறைஞ்சா போயிரும்? மழை புடிச்சு, மறுபடி ஒரு வாரம் என்னால எந்திரிக்க முடியாமப் போகுதுன்னு வைங்க. போகும், டாக்டரே சொல்லீட்டாங்க. அப்ப சங்கத்துல என்ன சொல்லுவாங்க?

— அது... விசுவாசம் கொறைஞ்சு போச்சும்பாங்க.

— முன்னால, நடிக்கறான்னாங்க. "கிறிஸ்மஸுக்கு அச்சுமுறுக்கு சுடற அன்னிக்குன்னு பாத்துத்தான் இவளுக்கு வலி வரும்"னு அடுப்படியில யாரோ சொன்னது உள் ரூம்ல படுத்திருந்த எனக்குக் கேட்டுச்சு.

— யாரோன்னு எதுக்குச் சுத்தி வளைக்கற? அதெல்லாம் இப்ப என்னத்துக்கு? இதுக்குத்தான் சொல்றேன், எல்லாரு வாயையும் ஒரே நாள்ல அடைச்சுப் போடலாம்னு. வலிக்குது ஆனா நல்லா இருக்கறேன்னு நீ போயி நின்னா அது எந்த ஊர் சாட்சி? அதக் கேட்டு எவ ஊட்டுக்கு நிம்மதியாப் போவா? போயிருச்சுன்னு சொல்லு கண்ணு. அந்த ஒரு வார்த்தைக்காக எத்தன பேரு காத்துட்டிருக்காங்கன்னு உனக்குத் தெரியாது.

— எந்தா கெஸியா சேச்சி, வெளிய வரைக்கும் ஒரே சத்தம்? ஊசி போட்டா ஆளுங்க உறங்குவாங்க. நீங்க ரெண்டு பேரும் பட்டிமன்றம் நடத்தறீங்க.

— வாங்க ஷிஜோ. மாலதி டாக்டர் வரலீங்களா?

— அவங்க அடுத்த ரூம்ல ஒரு பெரியவரு தோள்ல குத்திட்டிருக்காங்க. ஊசிய எடுத்துட்டு எக்சசைஸ் தொடங்கச் சொன்னாங்க. மூச்ச மெல்ல வெளிய விடுங்க. ம்ம். நெத்தி முடிஞ்சுது. இப்ப கை.

— தம்பி, நீங்கதான் அந்த எக்சசைஸ் டாக்டரா? நல்ல சமயத்துல வந்தீங்க. நீங்களே சொல்லுங்க. இவளுக்குச் சுகமாயிருச்சா இல்லியா?

— இது யாரு சேச்சி?

— என் வீட்டுக்காரரோட அக்கா. லோயிஸ் அண்ணி. அருவங்காட்டுல இருந்து எனக்குத் துணைக்கு வந்திருக்காங்க.

— துணைக்கா, கேஸ் வாதாடவா? சுகம் உண்டு லோயிஸ் சேச்சி. நல்லாவே உண்டு. முதல் நாள் இங்க வந்தப்ப ஒரு கை ஆதரவு இல்லாம இந்தக் கட்டில்ல ஏற முடியல இவங்களால. இப்ப பாருங்க, தானே எந்திரிச்சு உக்கார்றாங்க. வலப் பக்கம் திரும்பி, கையை ஊனி... அதே, அப்படித்தான்.

— பாத்தயா? டாக்டரே சொல்லீட்டாரு. பூரண சுகம்.

— அய்யோ சேச்சி, "பூரண" நான் சொல்லல. பூரணம் கொழுக்கட்டைக்குள்ளதான் இருக்கும். என்னோட வேலை வலிய அடிச்சுத் துரத்தறது இல்ல. அது ஒரு மூலைல உக்காந்திருக்கட்டும், நம்ம வீட்டு வேலையை நாம பாப்போம், அவ்வளவுதான். ஊசி கொஞ்சம் அமைதி தரும். அந்த அமைதில இவங்க தினம் நடந்து, தினம் கையத் தூக்கி, தினம் நேரத்துக்கு உறங்கி, உடம்புக்குப் பயம் போக வெச்சிருக்காங்க. பின்னே, பாதிக்கு மேல வேலை செஞ்சது இவங்க. நான் விசில் ஊதற ஆளு மட்டும்தான்.

— இன்னிக்கு ஜடை பின்னுனேன், ஷிஜோ.

— சத்தியமா?

— ரெண்டும். நடுவுல ஒரு காப்பி.

— நடுவுல காப்பி! அதக் கேக்கத்தான் நான் இத்தன மாசம் தொண்டை கிழியப் பேசுனேன். ஒரே மூச்சுல ரெண்டு ஜடையும் பின்னீட்டு வந்து மூணு நாள் படுத்திருந்தீங்கன்னா நான் சண்டை போட்டிருப்பேன். சரி, இன்னிக்கு உங்களுக்குப் ப்ரமோஷன். இந்தாங்க.

— பச்சையா!

— பச்சைதான். லோயிஸ் சேச்சி, பாத்துக்கோங்க. இந்த ரப்பர் பட்டைல மஞ்சள்னா லேசா இழுத்தா வரும். சிவப்பு கொஞ்சம் கனம். பச்சை அதவிடக் கனம். உங்க கெஸியா மஞ்சள இழுக்க முடியாம, இதே இடத்துல நின்னு, பட்டையக் கட்டிப் புடிச்சு அழுத ஆளு.

— அழுததெல்லாம் எதுக்குச் சொல்றீங்க?

— பச்சை வாங்கினவங்களுக்கு அழுததச் சொன்னா வெக்கம் இல்ல. எந்திரிங்க. சுவருக்கு நேரா நில்லுங்க, தோள எறக்கி விடுங்க. மறுமுனைய மாட்டற கொக்கி நேத்து சுவரோட வந்துட்டுது. நஞ்சப்பன் அண்ணன் இழுத்த இழுப்பு. லோயிஸ் சேச்சி, ஒரு உதவி. இந்த முனையப் புடிச்சுட்டு அங்க நில்லுங்க.

— நானா? எனக்கெதுக்குப்பா இதெல்லாம்? நீங்களே புடிங்க.

— நான் இவங்க தோள்பட்டையப் பாக்கணும். சும்மா புடிச்சா போதும், இழுக்க வேண்டாம். இழுக்கறது அவங்க வேலை.

— ம். புடிச்சுட்டேன்.

— இடுப்புக்கு நேரா வேண்டாம் சேச்சி. தோள் உயரத்துக்குத் தூக்குங்க.

— இதே போதாதா?

— பத்தாது. இன்னும் கொஞ்சம். கெஸியா சேச்சி, ரெடியா? மெல்ல இழுங்க. நல்லது. விடுங்க. திரும்ப இழுங்க. சூப்பர்! பாருங்க, பச்சை எப்படி வருதுன்னு...

— அம்மா!

— அண்ணி! என்னாச்சு? கையில அடிச்சிருச்சுங்களா?

— இல்லல்ல, ஒண்ணுமில்ல. பட்டை வழுக்கீருச்சு. கையில ஈரம்.

— இன்னொரு கையால புடிக்கலாமா, சேச்சி?

— அதுலயும் ஈரந்தான் தம்பி. காலைல இருந்தே... இந்தப் பனிக்கு.

— ம். சரி. கெஸியா சேச்சி, பச்சை உங்க கைல இருக்கட்டும், வீட்டுக்குக் கொண்டு போங்க. கிளென்மார்கன் எஸ்டேட்ல இருந்து ஜீப்புல ஒரு மூட்டுவலிக்காரரு வந்து வெளிய காத்திருக்காரு, நான் போய்ப் பாத்துட்டு வரேன். கதவச் சாத்திட்டுப் போறேன். குளிர் உள்ள வரும். நான் வர நேரமாகும்.

— இப்படி உக்காருங்க அண்ணி.

— என்ன கண்ணு, அப்படிப் பாக்கற? கெளம்பலாம் வா. பஸ்ஸு போயிரும்.

— எத்தன நாளா அண்ணி?

— என்னது எத்தன நாளா?

— கை.

— அதான் ஈரம்னு சொன்னேன்ல.

— ஸ்வெட்டர் கை ரெண்டும் காஞ்சு கெடக்குது. நீங்க கொண்டை போட்டே நான் பாத்து நாளாச்சு. எப்பப் பாத்தாலும் கிளிப்பு. நானும், ஏதோ புது ஸ்டைல்னு நெனச்சிட்டேன். கொண்டை போடறதுக்குக் கையத் தூக்கோணும்.

— வயசாச்சு. எல்லாருக்கும் வர்றதுதான்.

— இங்க தொடட்டுங்களா? கழுத்துக்குக் கீழ.

— ஆ! வேண்டாம், தொடாத. சட்டைத்துணி பட்டாலே...

— சட்டைத்துணி பட்டாலே எரியுது. காலைல எந்திரிக்கறப்ப லாரி ஏறுன மாதிரி. தூங்கி எந்திரிச்சாலும் தூங்காத மாதிரி.

— மெதுவாப் பேசு. வெளிய ஆளு இருக்குது.

— அண்ணனுக்குத் தெரியுமுங்களா?

— எங்க ஊட்டுக்காரருக்கா? அவருகிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. யாருக்கும் தெரியாது. யாருகிட்டச் சொல்றது? என்னன்னு சொல்றது? போன பங்குனில ஆரம்பிச்சுது. மொதல்ல தோளு. அப்புறம் இடுப்பு. அப்புறம் எங்கன்னு இல்ல. தனியாப் போயி ரத்தம் குடுத்தேன், படம் எடுத்தேன். லேப்ல இருந்த பொண்ணு சிரிச்ச மொகமா வந்து, "எல்லாம் நார்மல்மா, சந்தோசமாப் போங்க"ன்னா. சந்தோசமாப் போகச் சொன்னா கண்ணு. நான் பஸ் ஸ்டாண்டுல வந்து உக்காந்து அழுதேன். நார்மல்னு சொன்னதுக்கு அழுத ஒரே ஆளு நான்தான்னு நெனச்சேன்.

— நானும் அழுதேனுங்க.

— அழுதயா?

— கோயமுத்தூர்ல, லிஃப்டுக்குள்ள. ஏதாவது ஒண்ணு இருக்குன்னு சொல்லீருக்கலாமேன்னு.

— அதேதான்! ஏதாவது ஒண்ணு. ஒரு பேரு. அடுப்படியில நின்னு உன்னயப் பேசுன வாய வெச்சுட்டு, நான் எப்படிப் போயி யாருகிட்ட வலின்னு சொல்லுவேன்? அப்பத்தான் நீ படி ஏறி வந்த. கம்பியப் புடிக்காம. பின் பெஞ்சுல உக்காந்து பாத்தேன்.

— அண்ணி...

— இரு, சொல்லி முடிச்சிர்றேன். சங்கத்துக்காகக் கேக்கல கண்ணு. ஆயரையாளுக்காகவும் கேக்கல. நீ அந்த மைக்குல, சர்ச்சு முச்சூடும் கேக்கற மாதிரி, போயே போச்சுன்னு சொன்னா, கடைசிப் பெஞ்சுல உக்காந்து நான் அதப் புடிச்சுக்கலாம்னு இருந்தேன். உனக்குப் போனா எனக்கும் போகுமில்ல? ஒரு நாளைக்குப் போயிரும்னு தெரிஞ்சா, அதுவரைக்கும் பல்லக் கடிச்சுட்டு யாருக்கும் தெரியாமயே இருந்துக்குவேன். எனக்கு அது முடியும்.

— அப்படித்தானுங்க நானும் ரெண்டு வருசத்த உட்டேன். பல்லக் கடிச்சிட்டு. உங்களுக்கும் இதேதானான்னு எனக்குத் தெரியாது. மாலதி டாக்டர் பாத்துத்தான் சொல்லோணும். அடுத்த ரூம்லதான் இருக்காங்க.

— ஊசியா? எனக்கா?

— தலைமுடியாட்ட மெல்லிசு. பாத்தீங்கள்ல.

— அது கெடக்கட்டும். நீ மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு. ஞாயித்துக்கெழம சொல்ல மாட்ட. சரி. நாற்காலிய உடாத, நீ உக்காந்து பாடம் நடத்து. ஆயரையாகிட்ட நான் பேசிக்கறேன். சர்ச்சுலயும் வேண்டாம், யாரு முன்னாலயும் வேண்டாம். இப்ப, இந்தக் கதவு சாத்தியிருக்கறப்ப, எனக்கு மட்டும் சொல்லு. பூரணமாப் போயிரும்னு ஒரே ஒரு தடவ. பொய்யா இருந்தாலும் பரவால்ல கண்ணு.

— சொல்ல மாட்டேனுங்க அண்ணி. உங்களுக்கு வலிக்குதுன்னு நான் நம்பறேன். அத எத்தன தடவ வேண்ணாலும் சொல்றேன்.